போபியோ: ஏட்டுக்குப் பேர்போன ஊரில் ஏட்டைக் காணோம்

நடைவண்டி (சனி, இரவு 10.15)

மூன்று மாத வேலையாக இத்தாலியில், மிலானில் இருக்கிறேன். கூட இருப்பவர்கள் வெனிஸ், கோமோ என்று கிளம்ப, நான் மட்டும் பியாச்சென்சா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போபியோ போய்வந்தேன். ஊருக்கு ரயில் கிடையாது. திரெபியா ஆற்றை ஒட்டியே தெற்கே 45 கிலோமீட்டர் மலைக்குள் ஏறும் சாலை. ஊரில் மொத்தம் 3,500 பேர் இருந்தால் அதிகம்.

614இல் கொலும்பானுஸ் என்ற ஐரிஷ் துறவி இங்கே ஒரு மடம் கட்டினார், அந்த மடத்து நூலகம் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நூலகங்களில் ஒன்று என்று படித்துவிட்டுத்தான் போனேன். ஏடெழுதிய கூடம் இருந்த பகுதியில் இப்போது அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு தந்தப் பேழை இருக்கிறது. வட்டமானது. யாழ் மீட்டும் ஓர்ஃபியஸ், சுற்றிலும் அவன் பாட்டில் மயங்கி நிற்கும் விலங்குகள். இயேசுவுக்கு முந்தைய கிரேக்கக் கதை, கிறிஸ்தவ மடத்தின் பெட்டகத்தில்! பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னச் சின்ன ஈயக் குப்பிகள். எருசலேமின் புனிதத் தலங்களில் எரிந்த விளக்கின் எண்ணெயை யாத்திரிகர்கள் இதில்தான் பிடித்துவருவார்களாம். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

ஆனால் எந்த ஏடுகளுக்காகப் போனேனோ, அவை இல்லை. கேட்டால் மிலான், வத்திக்கான், தூரின், பாரிஸ் என்று கை காட்டுகிறார்கள். நான் தங்கியிருக்கும் மிலானிலேயே பாதி இருக்கிறதாம்! ஒரு பள்ளத்தாக்கு ஊரை இப்படித் துடைத்து எடுத்தது யார்? திருப்பிக் கொடுக்க வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவடிப்பித்தன் (சனி, இரவு 11.02)

நல்ல இழை. அடுக்கிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கொலும்பானுஸ் அயர்லாந்தின் லின்ஸ்டர் பகுதிக்காரர். பாங்கோர் மடத்திலிருந்து கடல் கடந்து பிரான்ஸ் வந்து லுக்ஸே என்ற இடத்தில் மடம் வைத்தார். அங்கே அரச குடும்பத்தோடு முட்டிக்கொண்டு 610 வாக்கில் துரத்தப்பட்டார். ஆல்ப்ஸைத் தாண்டி மிலான் வந்து சேர்ந்தவருக்கு லொம்பார்டு அரசன் அகிலுல்ஃபும் அரசி தியோடெலிண்டாவும் இந்தப் பள்ளத்தாக்கில் இடம் கொடுத்தார்கள். இடிந்து கிடந்த ஒரு பேதுரு கோவிலும் அதோடு வந்தது. மலையில் மரம் வெட்டி அதைச் செப்பனிட்டார்கள். முப்பது நாற்பது பேர் தூக்க வேண்டிய உத்தரத்தை இரண்டு மூன்று பேர் அலுங்காமல் தூக்கிவந்ததாக ஜோனாஸ் எழுதுகிறார். கொலும்பானுஸ் 615 நவம்பர் 23இல் இறந்தார். கொஞ்ச காலம் கழித்து அதே மடத்தில் சேர்ந்து அவர் வரலாற்றை எழுதியவர் இந்த ஜோனாஸ்.

ஆக அவர் இந்த ஊரில் இருந்தது ஒரு வருஷம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நூலகம் வளர்ந்தது அவருக்குப் பின்னால். 10ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு பட்டியலில் 600க்கும் மேற்பட்ட ஏடுகள். 1461இல் எடுத்த பட்டியலில் 243. கவனியுங்கள், யாரும் வந்து கொள்ளையடிக்கும் முன்பே பாதிக்கு மேல் போய்விட்டது.

மிச்சம் போன வழி: 1606இல் கர்தினால் ஃபெதெரிகோ பொர்ரோமேயோ மிலானில் தொடங்கவிருந்த அம்ப்ரோசியானா நூலகத்துக்காக ஒரு பகுதியை வாங்கிப் போனார். 1618இல் போப் ஐந்தாம் பவுல் வத்திக்கானுக்குச் சிலவற்றைக் கொண்டுபோனார். 1803இல் பிரெஞ்சு ஆட்சி மடத்தையே மூடியது. எஞ்சியதில் பெரும்பகுதி தூரினுக்கு. 'போபியோ பூசைப்புத்தகம்' என்று பெயர்பெற்ற ஏடு பாரிஸில்.

கறார் கண்ணாயிரம் (சனி, இரவு 11.30)

//துடைத்து எடுத்தது யார்?//

முதலில் துடைத்தது அந்தத் துறவிகளேதான் தம்பி. 'துடைத்தது' என்பதை நேர்ப் பொருளிலேயே சொல்கிறேன். பழைய ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய அரசியல் நூலைச் சுரண்டி எடுத்துவிட்டு அதன் மேலேயே பைபிளின் சங்கீதப் பாடல்களுக்கு உரை எழுதிய மகான்கள். இவர்களை அறிவின் காவலர்கள் என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

கொலும்பானுஸ் வகுத்த மட ஒழுங்கையும் படித்துப் பாருங்கள். சங்கீதம் தொடங்கும்போது இருமிச் சரியாகப் பாடாதவனுக்கு ஆறு அடி.

சுவடிப்பித்தன் (ஞாயிறு, காலை 7.20)

இருமலுக்கு ஆறு அடி என்பது உண்மைதான், மறுக்கவில்லை :) ஆனால் சுரண்டல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள்.

தோல் தாள் என்பது ஆட்டுத்தோல், கன்றுத்தோல். ஒரு பெரிய நூலுக்கு ஒரு மந்தையே வேண்டும். அதனால் கிழிந்துபோன, பாதி தொலைந்த, யாரும் படிக்காத ஏட்டைக் கழுவிச் சுரண்டி மறுபடி எழுதினார்கள். சிசரோவின் அந்த ஏடு 4ஆம் நூற்றாண்டின் முடிவிலோ 5இன் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பெரிய பெரிய எழுத்து, தாராளமாக இடம் விட்டுப் பணக்கார வீட்டுக்கு எழுதியது. 7ஆம் நூற்றாண்டில் அதைச் சுரண்டி அகுஸ்தீனாரின் சங்கீத விரிவுரையை மேலே எழுதினார்கள்.

பிற மதத்து நூல் என்பதற்காக அழித்தார்கள் என்றால் கோத்திக் மொழி பைபிளை ஏன் சுரண்டினார்கள்? செத்துப்போன அந்த மொழியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு நல்ல பங்கு போபியோவின் சுரண்டிய தாள்களில் கிடைத்தது.

கறார் கண்ணாயிரம் (ஞாயிறு, காலை 8.05)

அந்த மொழி பேசிய கோத்தர்கள், இயேசு பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸ் கொள்கைக்காரர்கள். ரோமத் திருச்சபைக்கு அது பேதகம். எனவே உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

சுவடிப்பித்தன் (ஞாயிறு, காலை 8.40)

சரி, அது ஒரு நல்ல அடி. ஏற்கிறேன். ஆனாலும் கேளுங்கள். சுரண்டாமல் விட்டிருந்தால் சிசரோவின் அந்த ஏடு என்னவாகியிருக்கும்? அட்டை போய், தாள் உதிர்ந்து, யாருக்கும் வேண்டாத பழங்கட்டாகக் கிடந்து மக்கியிருக்கும். மேலே அகுஸ்தீனார் ஏறி உட்கார்ந்ததால் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அது பத்திரமாக இருந்தது. அந்த விரிவுரைக்கு வேறு எத்தனையோ பிரதிகள் உண்டு. அடியில் இருந்ததற்கு, கடைசியில் வரும் சிப்பியோவின் கனவுப் பகுதியைத் தவிர, வேறு பிரதியே இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஆஞ்சலோ மாயி. முதலில் அம்ப்ரோசியானாவில் இருந்தவர், 1819இல் வத்திக்கான் நூலகத்துக்குப் போனார். அங்கே போன அதே வருஷம் இந்த ஏட்டைக் கண்டார், 1822இல் அச்சிட்டார்.

அக்காலத்தில் மங்கிய எழுத்தை எப்படி மீட்டார்கள் தெரியுமா? மாசிக்காய்ச் சாறு. நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு உரைத்துக் கொடுக்கிற அதே மாசிக்காய்தான். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை. சுரண்டிய தாளில் இரும்பு மட்டும் கொஞ்சம் ஊறிக் கிடக்கும். மேலே சாற்றைத் தடவினால் எழுத்து மறுபடி கறுத்து எழும்பும். என்ன, சில வருஷத்தில் தாளே பழுப்பேறிப்போகும். மாயி தடவிய ஏடுகள் சில இன்று கண்ணாலே படிக்க முடியாத நிலையில் இருக்கின்றன. சுரண்டிய துறவிகளை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

பாலக்காரர் (ஞாயிறு, முற்பகல் 10.10)

(பால்காரர் அல்ல, பாலக்காரர். நெடுஞ்சாலைத் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு இழையிலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

ஏடு ஏடு என்று அடித்துக்கொள்கிறீர்களே, அந்த ஊரில் இருந்த இடத்தை விட்டு நகராமல் நிற்கும் ஒரே பெரிய சொத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நடைவண்டி, பாலத்தைப் பார்த்தீர்களா இல்லையா?

நடைவண்டி (ஞாயிறு, முற்பகல் 10.25)

பார்த்தேன் சார். கூன் பாலம் என்றுதான் உள்ளூரில் பெயர். நடந்தும் போனேன். ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஏதோ ஒட்டகத்தின் முதுகில் நடப்பது மாதிரி. கல் பாவிய நடை, ஓரத்தில் இடுப்பளவு சுவர்.

கதையும் கேட்டேன். பாலம் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கிற உயிர் எனக்கு என்று சாத்தான் கொலும்பானுஸிடம் பேரம் பேசினானாம். ராத்திரியோடு ராத்திரியாக உயரமும் குட்டையுமாகப் பல பிசாசுகள் வந்து ஆளுக்கொரு வளைவைத் தாங்கினவாம், அதனால்தான் வளைவுகள் ஒன்றுபோல இல்லையாம். விடிந்ததும் துறவி ஒரு நாயை முதலில் அனுப்பிவிட்டார். இன்னொருவர் கரடி என்றார்.

பாலக்காரர் (ஞாயிறு, பகல் 12.30)

நாயோ கரடியோ, பிசாசு ஏமாந்தது சந்தோஷம். உண்மையான பிசாசு அந்த ஆறுதான்.

நீளம் 273 மீட்டர், 11 வளைவு, ஒன்றுக்கொன்று அகலம் வேறு. வளைவு அரைவட்டத்தை ஒட்டி இருந்தால் அகலம் கூடும்போது உயரமும் கூடியே ஆக வேண்டும். அதனால் பெரிய வளைவுக்கு மேல் சாலை மேடு, சின்ன வளைவுக்கு மேல் பள்ளம். கூன் விழுந்த கணக்கு இவ்வளவுதான்.

அகலம் ஏன் வேறுபட்டது? திரெபியா கூழாங்கல் ஆறு. கோடையில் முழங்கால் தண்ணீர், மீதி வெள்ளைக் கல். இலையுதிர் காலத்தில் அப்பெனைன் மலையில் பெய்தால் சில மணி நேரத்தில் கரை தொட்டு வரும். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஓடுபாதை இப்படி அப்படி நகரும். நேற்று கரையில் இருந்த முனை நாளை ஆற்றுக்குள். அப்போது இன்னும் இரண்டு வளைவு சேர்க்க வேண்டும். நடுவில் ஒன்று இடிந்தால் கிடைத்த அளவில் கட்ட வேண்டும். பல நூற்றாண்டு ஒட்டுப்போட்ட வேட்டி அது. நான் வேலையில் இருந்தபோது ஒரே சீராகப் பத்துக் கண் வைத்து வரைபடம் போட்டவன். இப்படி ஒன்றை யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

ஜெனோவா அக்கா (ஞாயிறு, பிற்பகல் 3.15)

எல்லோருக்கும் வணக்கம். 19 வருஷமாக ஜெனோவாவில் இருக்கிறேன். கடலிலிருந்து இந்த மலையைத் தாண்டிப் பியாச்சென்சா போகிற 45ஆம் எண் சாலையில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிச் சாலை மோட்டார் சைக்கிள்தான். நாடு நாடாக நடந்தவர் என்பதால் கொலும்பானுஸ்தான் மோட்டார் சைக்கிள்காரர்களின் பாதுகாவலராம்!

நடைவண்டி தம்பி, தேவாலயத்தின் நிலவறைக்கு இறங்கினீர்களா? கொலும்பானுஸின் கல்லறைப் பேழை அங்கேதான், 1480இல் செதுக்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது தரை. 12ஆம் நூற்றாண்டுச் சின்னக்கல் சித்திரம். மேலே மண் மூடிக் கிடந்ததை 1910இல்தான் கண்டார்கள். ஒரு பக்கம் பழைய யூத வீரர்களான மக்கபேயரின் போர், யானைகூட உண்டு. இன்னொரு பக்கம் 12 மாதமும் மாதத்துக்கொரு வேலையும். பெரியவர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்க, என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது யானையை விட்டு வர மாட்டேன் என்று அழுதான்.

//ஏட்டைக் காணோம்// என்று முழுசாகச் சொல்லிவிடாதீர்கள். மறைமாவட்ட ஆவணக் காப்பகம் ஊரிலேயே இருக்கிறது. 1014 முதல் போபியோவுக்கு ஆயர் உண்டு. 1986இல் அதை ஜெனோவாவோடு சேர்த்தார்கள், 1989இல் பிரித்துப் பியாச்சென்சாவோடு சேர்த்தார்கள். அரசாங்கமும் அப்படித்தான். 1743இல் சவோய் அரசர்களிடம் போனது, 1859இல் பாவியா மாகாணம், 1923இல் பியாச்சென்சா. ஊர் நகரவில்லை, எல்லைதான் சுற்றிச் சுற்றி வந்தது. அதனால் நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று அங்கே கிழவர்களிடம் கேட்டால் போபியோ என்று மட்டும்தான் பதில் வரும்.

கறார் கண்ணாயிரம் (ஞாயிறு, மாலை 5.00)

அக்கா, 2019இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டியில் நாட்டின் மிக அழகிய சிற்றூர் என்று இந்த ஊர் ஜெயித்த கதையையும் சொல்லிவிடுங்கள். மக்கள் வாக்கில் முந்தியது சிசிலியின் பலாட்சோலோ அக்ரெய்தே. நடுவர் குழு மதிப்பெண் போட்டதும் முடிவு புரண்டது. நடுவர்களில் ஒருவர் அதற்கு முன்பே போபியோவின் கௌரவக் குடிமகன். சிசிலியில் கொந்தளித்துவிட்டார்கள்.

ஜெனோவா அக்கா (ஞாயிறு, மாலை 5.40)

அந்த வருஷம் எங்கள் மாடிவீட்டுச் சிசிலிக்கார அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நான் என்ன செய்தேன்? போபியோவிலிருந்து அவருக்கு ஒரு பொட்டலம் காளான் வாங்கிவந்தேன், அவ்வளவுதான்.

மலைப்பாதை (ஞாயிறு, இரவு 8.10)

மோனாலிசாவுக்குப் பின்னால் தெரியும் பாலம் இந்தக் கூன் பாலம்தான் என்று படித்தேனே? யாரும் சொல்லவில்லையே!

கறார் கண்ணாயிரம் (ஞாயிறு, இரவு 8.25)

2011இல் ஓர் ஆய்வாளர் அப்படிச் சொன்னார். அரெட்சோ பக்கம் புரியானோ பாலத்துக்காரர்கள் அதற்கு முன்பே உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 2023இல் லதெரினாவில் இடிந்த ரொமித்தோ பாலம் என்றார் இன்னொருவர். 2024இல் லெக்கோ ஊர்ப் பாலம். ஊருக்கொரு பாலம், பாலத்துக்கொரு மோனாலிசா. ஹெமிங்வே இந்தப் பள்ளத்தாக்கை உலகிலேயே அழகானது என்று சொன்னதாகவும் சுற்றுலாத் தாள்களில் போடுகிறார்கள். பக்க எண் காட்டுகிறவருக்கு என் செலவில் காபி.

மட்டுறுத்துநர் (ஞாயிறு, இரவு 8.50)

மோனாலிசா பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே போகவும். இங்கே ஊர் வரலாறு மட்டும்.

நடைவண்டி (ஞாயிறு, இரவு 9.30)

என் கேள்விக்கே வருகிறேன். சுவடிப்பித்தன் சொன்னதைப் படித்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. ஏடுகள் பிழைத்தது சரி. ஆனால் எழுதிய கூடம் காலியாக இருக்க, மிலானில் பெட்டிக்குள் பூட்டிவைப்பதில் என்ன நியாயம்? ஒன்றிரண்டையாவது திருப்பித் தரலாமே?

சுவடிப்பித்தன் (திங்கள், காலை 6.50)

உணர்ச்சி புரிகிறது. ஆனால் எங்கே வைத்தால் பத்திரம் என்பதற்கு இந்த ஏடுகளின் கதையில் நேரான விடை இல்லை. தூரின் தேசிய நூலகம் 1904 ஜனவரியில் எரிந்தது. அங்கே போயிருந்த போபியோ ஏடுகளும் தீயில் மாட்டின. நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுக் காலத்து லத்தீன் நற்செய்தி ஏடு ஒன்று தப்பியது பாக்கியம். 1943 குண்டுவீச்சில் அம்ப்ரோசியானா அடிபட்டது. மடத்திலேயே இருந்திருந்தால் 1803இல் ஏலத்தில் போயிருக்கும். ஆறு பேர் ஆறு திசையில் கொண்டுபோனதால்தான் ஒரே தீயில் எல்லாம் போகவில்லை.

இன்னொன்று. இருக்கிற இடத்தில் இருக்கும்போதே களவு போனதும் உண்டு, அதுவும் நல்ல பெயரெடுத்த ஆளால். 982 வாக்கில் பேரரசர் இரண்டாம் ஓட்டோ, கெர்பெர் என்ற பெரிய கணிதப் புலவரை இந்த மடத்துக்குத் தலைவராக்கினார். வந்து பார்த்தால் மடத்து நிலமெல்லாம் பக்கத்துப் பிரபுக்களின் கையில், கஜானா காலி. கடிதம் கடிதமாகப் புலம்பினார். பேரரசர் 983இல் இறந்ததும் ரெய்ம்ஸுக்கே திரும்பிவிட்டார். ஆனால் ஏடுகளை மறக்கவில்லை. பிற்பாடு போபியோ துறவி ஒருவருக்கு எழுதுகிறார்: மனிலியுஸின் வான நூலை நகலெடுத்து அனுப்பு, உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். 999இல் அவரே போப் இரண்டாம் சில்வெஸ்டர். நகல்தான், களவு என்று நான் சொன்னது கொஞ்சம் கூடுதல். கறார் வருவதற்குள் நானே திருத்திக்கொள்கிறேன்.

கறார் கண்ணாயிரம் (திங்கள், காலை 7.15)

வந்துவிட்டேன். திருத்தம் ஏற்கப்பட்டது.

திருப்பித் தரும் விஷயத்தில் ஆச்சரியமாக நான் நடைவண்டி பக்கம். ஏடு எரிவது எங்கேயும் எரியும். சும்மா ஒரு மாதம் காட்சிக்காவது அனுப்பினால் அந்த 3,500 பேரின் பிள்ளைகள் பார்ப்பார்கள். பேரை மட்டும் ஊருக்கு விட்டுவிட்டுப் பொருளை நகரம் வைத்துக்கொள்வது எல்லா மலையூருக்கும் நடப்பதுதான்.

ஜெனோவா அக்கா (திங்கள், காலை 9.00)

பொருள் மட்டுமா, தண்ணீரும்தான். திரெபியாவுக்கு வந்து சேரும் புருஞெத்தோ ஓடையில் 1950களின் கடைசியில் ஓர் அணை கட்டினார்கள். தண்ணீர் மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஜெனோவாவுக்குக் குடிக்க. கீழே பியாச்சென்சா சமவெளியில் தக்காளி விவசாயிகள். கோடைக்கோடை இன்னும் கொஞ்சம் திறந்துவிடு என்று அவர்கள் கேட்பதும், குடிதண்ணீருக்கே காணாது என்று இவர்கள் சொல்வதும். மேலே அணை, கீழே வயல், மாநிலம் வேறு வேறு. மீதியை நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், 1944 ஜூலையில் பாசிச எதிர்ப்புப் படையினர் ஊரை விடுவித்து, ஆகஸ்ட் கடைசிவரை தாங்களே ஆண்டார்கள். போபியோ குடியரசு என்றே பெயர். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒன்றரை மாதம்தான். ஜெர்மானியப் படை வந்து மீண்டும் பிடித்தது.

தம்பி, சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே! மக்கரோனி சாப்பிட்டீர்களா?

நடைவண்டி (திங்கள், இரவு 8.20)

இல்லை அக்கா, கடைசி பஸ்ஸுக்குப் பயந்து ஒரு ரொட்டியோடு ஓடிவந்துவிட்டேன்.

ஜெனோவா அக்கா (திங்கள், இரவு 9.10)

அட கடவுளே. அப்படியானால் போபியோ போனதாகவே கணக்கில்லை. அங்கே மக்கரோனி என்றால் கடையில் விற்கிற குழாய் அல்ல. முட்டை போட்டுப் பிசைந்த மாவைச் சின்னத் துண்டாகக் கிள்ளிப் பலகையில் வைத்து, மேலே சுவெட்டர் பின்னுகிற ஊசியைப் படுக்கப் போட்டு, உள்ளங்கையால் ஒரே உருட்டு. மாவு ஊசியைச் சுற்றிக்கொள்ளும். சட்டென்று ஊசியை உருவினால் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். ஒவ்வொன்றும் இப்படிக் கையால்தான். மணிக்கணக்காக அடுப்பில் வெந்த மாட்டிறைச்சிக் குழம்பு அந்தக் குழாய்க்குள் ஏறி நிற்கும். நானும் வீட்டில் முயன்றேன், முதல் பத்துக் குழாய் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. மாவு கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி நத்தைக் குழம்பும் உண்டு, அது உங்கள் தைரியம்.

பாலக்காரர் (திங்கள், இரவு 9.45)

மறுபடி போனால் எனக்கு ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும், படுகையிலேயே இறங்கி நடக்கலாம். ஊர்ப் பக்கக் கரையிலிருந்து எண்ணிக்கொண்டு ஒவ்வொரு தூணின் அடியையும் ஒரு போட்டோ. மேலே வேண்டாம், மேலே எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். கல் அடுக்கு எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

நடைவண்டி (திங்கள், இரவு 10.05)

வரும் ஞாயிறு போகிறேன் சார். அக்கா சொன்ன யானையையும் பார்க்கவில்லை. பதினோரு வளைவுக்குப் பத்துத் தூண்தானே?

பாலக்காரர் (திங்கள், இரவு 10.08)

பத்து. இரு கரையிலும் முட்டுச்சுவர் இருக்கும், அதையும் சேர்த்துப் பன்னிரண்டு போட்டோ. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கூழாங்கல் வழுக்கும். மேலே மலையில் மேகம் கறுத்தால் படம் எடுத்தது போதும் என்று கரையேறிவிடுங்கள்.